வேப்பிலையில் வெள்ளி நானோ துகள்: நிறம் மாறினா மட்டும் போதுமா?

உங்க டிபார்ட்மெண்ட் பயோடெக்கோ, கெமிக்கலோ எதுவா இருந்தாலும் சரி, பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடுக்கி வெச்சிருக்கிற அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்க. வேப்பிலை, துளசி, கொய்யா, முருங்கை, கற்றாழை என்று ஏதாவது ஒரு செடியின் பெயர், அதற்குப் பின்னால் "மூலம் வெள்ளி நானோ துகள் தயாரித்தல்" என்ற வால். இப்படி ஒரு ரிப்போர்ட் கண்டிப்பா கையில் மாட்டும். இந்த வருஷம் அந்த அலமாரிக்குப் போகிற எங்க ரிப்போர்ட்டும் அதே குடும்பம்தான்.

ஏன் எல்லாரும் இதையே எடுக்கிறோம்னு கேட்டா பதில் சிம்பிள். இலை இலவசம். சில்வர் நைட்ரேட் துளியூண்டு போதும். பெரிய மெஷின் தேவையில்லை. முக்கியமா, ஒரே மதியத்தில் ரிசல்ட் கண்ணுக்குத் தெரியும். நிறமே இல்லாத திரவத்தில் இலைச்சாறை ஊற்றி வெயிலில் வைத்தால், டீ குடிச்சிட்டு வருவதற்குள் அது டீ நிறத்துக்கே வந்திருக்கும். பார்க்க மேஜிக் மாதிரி இருக்கும். நாங்களும் அந்த மேஜிக்கில் விழுந்தவங்கதான். அதை வெச்சு ஒரு சிம்போசியத்தில் பேப்பர் ப்ரெசென்டேஷன் பண்ணி இரண்டாம் பரிசும் வாங்கிட்டோம். அந்த சர்டிபிகேட் இன்னும் என் ஹாஸ்டல் ரூம் ஃபைலில் இருக்கு. அதில் நாங்க சொன்ன ஒரு முக்கியமான விஷயம் சரியான சோதனையில் நிற்கலைன்னு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. ஆனா அதுக்கு முன்னாடி அடிப்படையைப் புரிஞ்சுக்கணும், கொஞ்சம் பொறுமையா வாங்க.

(ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். தமிழில் நான் எழுதுற முதல் அறிவியல் கட்டுரை இது. என் ரூம்மேட் தமிழ் மீடியம். பாதி வார்த்தை அவன் கடன் கொடுத்தது. தப்பு மட்டும் என்னுடையது.)

சின்னதாகிவிட்டால் என்ன மாறுது?

ஒரு மீட்டரை நூறு கோடி துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு நானோமீட்டர். நம்ம தலைமுடி ஒன்றின் தடிமன் தோராயமா 80,000 நானோமீட்டர். நாம பேசப்போற வெள்ளித் துகள் 20 நானோமீட்டர் குறுக்களவுன்னு வெச்சுக்கோங்க. அதுக்குள்ள சுமார் இரண்டரை லட்சம் வெள்ளி அணுக்கள் இருக்கும். கணக்கு போட்டுப் பார்க்கிறவங்க பாருங்க: வெள்ளிப் படிகத்தின் ஒரு அலகுக்கூடு 0.409 நானோமீட்டர் பக்கம், ஒரு கூட்டுக்கு நாலு அணு.

இப்போ ஒரு கிராம் வெள்ளியை எடுத்து ஒரு கனசதுரமா வார்த்தால் பக்கம் நாலரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். அதன் ஆறு பக்கத்தையும் சேர்த்தால் மொத்தப் பரப்பு 1.25 சதுர சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தை மூடக்கூடப் பத்தாது. அதே ஒரு கிராமை 20 நானோமீட்டர் உருண்டைகளா உடைத்தால் மொத்தப் பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். சதுர அடியில் சொன்னா 300. எங்க ஹாஸ்டலில் இரண்டு ரூமின் தரை. வினை எல்லாம் மேற்பரப்பில்தான் நடக்கும், அதனால் அதே வெள்ளி திடீர்னு சுறுசுறுப்பாகிடுது.

நிறம் மாறுவதுக்குக் காரணம் வேற. உலோகத்தில் எலக்ட்ரான்கள் சுதந்திரமா சுத்திட்டு இருக்கும்னு பன்னிரண்டாவதில் படிச்சிருப்பீங்க. துகள் இவ்வளவு சின்னதா இருக்கும்போது, ஒளி வந்து பட்டால் அந்த எலக்ட்ரான் கூட்டம் முழுக்க ஒண்ணா இங்கேயும் அங்கேயும் ஆடும். குடத்தை இடுப்பில் வெச்சு நடக்கும்போது தண்ணி தளும்புமே, அந்த மாதிரி. நடையின் தாளமும் தண்ணியின் தாளமும் ஒத்துப்போனால் ரொம்பவே தளும்பும். அப்படி ஒத்துப்போகிற அலைநீளத்தைத் துகள் விழுங்கிடும். இதுக்குப் பேர் சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசொனன்ஸ். சின்ன வெள்ளி உருண்டைக்கு அது 400 நானோமீட்டர் பக்கத்தில், அதாவது ஊதா முனையில். ஊதாவும் நீலமும் போனால் நம்ம கண்ணுக்கு மிச்சம் மஞ்சள். துகள் பெரிசாகி, அளவும் கலவையாகும்போது மஞ்சள் பழுப்பாகும். தங்கத் துகளுக்கு 520 பக்கம் பச்சை போகும், அதனால் சிவப்பாத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்காமலேயே பயன்படுத்தினவங்க உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் லைகர்கஸ் கோப்பைன்னு ஒரு ரோமானியக் கண்ணாடிக் கோப்பை இருக்கு, நாலாம் நூற்றாண்டு. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. கண்ணாடிக்குள் தங்கமும் வெள்ளியும் கலந்த நானோ துகள். காரணத்தை முதலில் ஒழுங்கா ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. தங்க உப்பை பாஸ்பரஸால் மாற்றி மாணிக்க நிறத் திரவம் செய்து, இந்த நிறம் மிக நுண்ணிய தங்கத்தால்தான்னு 1857-லேயே சொன்னார். நம்ம மின்காந்தத் தூண்டல் ஃபாரடேயேதான். மனுஷன் எதையுமே விட்டு வைக்கலை.

இலை என்ன வேலை பார்க்குது?

சில்வர் நைட்ரேட்டை தண்ணியில் கரைத்தால் வெள்ளி அயனிகளா மிதக்கும். ஒவ்வொரு அயனிக்கும் ஒரு எலக்ட்ரான் கொடுத்தால் அது வெள்ளி அணுவாகிடும். எலக்ட்ரான் கொடுக்கிற வேலைக்கு நாங்க ரிடக்‌ஷன்னு சொல்லுவோம். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஒடுக்கம்னு ரூம்மேட் சொன்னான். "யாரை யார் ஒடுக்குறாங்க?"ன்னு கேட்டு ஒரு அரை மணி நேரம் அரசியல் பேசினோம், அது இங்கே வேண்டாம்.

கெமிஸ்ட்ரி லேபில் இந்த எலக்ட்ரானைக் கொடுப்பது சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரசின் மாதிரி ஆட்கள். வேகமானவங்க, ஆனா ஹைட்ரசின் நச்சு. அதோட, பிறந்த துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகாம இருக்க இன்னொரு கெமிக்கல் சேர்த்து மேல ஒரு போர்வை போத்தணும். அதை கேப்பிங்னு சொல்றோம்.

இலையில் இரண்டு வேலைக்கும் ஆள் இருக்கு. வேப்பிலையில் குவர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள், டெர்பினாய்டுகள், சர்க்கரை, புரதம் எல்லாம் உண்டு. ஃபிளேவனாய்டில் பென்சீன் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் இருக்கும் இடம் முக்கியம். அந்த ஜோடி இரண்டு எலக்ட்ரானையும் இரண்டு ஹைட்ரஜன் அயனியையும் விட்டுக்கொடுத்து குவினோனா மாறும். எதிரில் இரண்டு வெள்ளி அயனி அணுவாகும். கொஞ்சம் காரம் சேர்த்து பி.எச்-ஐ ஏற்றினால் வினை வேகமாகும், ஏன்னா ஹைட்ரஜனை ஏற்கெனவே இழந்த ஹைட்ராக்சில் எலக்ட்ரானை இன்னும் ஈசியா விடும்.

அணுக்கள் பிறந்ததும் துகள் ஆகிடாது. முதலில் சில அணுக்கள் கூடி ஒரு கரு உருவாகணும், அப்புறம் மற்றவை அதன்மேல் வந்து ஒட்டும். பனங்கற்கண்டு செய்யும்போது பாகுக்குள் நூல் கட்டித் தொங்கவிடுவாங்களே, கற்கண்டு அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு வளருமே, அதே கதை. ஒரே நேரத்தில் நிறைய கரு பிறந்தால் துகள் சின்னதா, ஒரே அளவா வரும். மெதுவா, ஒவ்வொண்ணா பிறந்தால் சிலது குண்டு, சிலது ஒல்லி. இலை முறையில் பெரும்பாலும் இரண்டாவது கதைதான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இந்த வழியைத் திறந்துவிட்டதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. புனேயில் இருக்கும் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு முதலில் பூஞ்சையை வைத்துச் செய்தது. அப்புறம் 2004-ல் வேப்பிலைச் சாறில் வெள்ளி, தங்கம், இரண்டும் சேர்ந்த துகள் என மூன்றையும் செய்து காட்டினாங்க. பூஞ்சையை விட இலை ரொம்ப வேகம் என்பதுதான் அந்தப் பேப்பரின் சுவாரசியம். அதே வருஷம் எலுமிச்சம்புல் சாறில் தங்கத்தை முக்கோணத் தகடுகளா வளர்த்து 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் எழுதினாங்க. அதுக்கும் முன்னாடி, 1999-ல், வெள்ளிச் சுரங்கத்திலிருந்து எடுத்த ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியா தன் செல்லுக்குள்ளேயே 200 நானோமீட்டர் வரை வெள்ளிப் படிகங்களைச் சேர்த்து வைக்கிறதுன்னு ஸ்வீடனில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. வெள்ளி அதுக்கு விஷம். விஷத்தை அயனியா விட்டு வைக்காம கட்டியாக்கி ஓரமா ஒதுக்கிடுது. பிழைக்கத் தெரிஞ்ச பாக்டீரியா.

எங்க லேப் கதை

செய்முறை எல்லா ரிப்போர்ட்டிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 10 கிராம் இலையை நல்லா கழுவி, நறுக்கி, 100 மில்லி தண்ணியில் இருபது நிமிஷம் சூடாக்கி வடிகட்டணும். லேப் முழுக்க வேப்பிலைக் கஷாய வாசனை, யாருக்கோ அம்மை போட்ட வீடு மாதிரி. சில்வர் நைட்ரேட் 1 மில்லிமோலார் கரைசல்: 100 மில்லிக்கு 17 மில்லிகிராம். அவ்வளவுதான், ஒரு சிட்டிகைகூட இல்லை. 90 மில்லிக்கு 10 மில்லி சாறு. கையுறை போடுங்க, கையில் பட்டால் தோல் கறுத்து ஒரு வாரத்துக்குப் போகாது. என் ஆள்காட்டி விரல் சாட்சி.

முதல் முயற்சியில் கேனில் இருந்த ஆர்.ஓ தண்ணியை எடுத்தோம். சுத்தமான தண்ணிதானேன்னு நினைப்பு. சில்வர் நைட்ரேட் போட்டதும் லேசா பால் மாதிரி கலங்கிடுச்சு. ஆர்.ஓ தண்ணியிலும் மிச்சம் குளோரைடு இருக்கும். வெள்ளியும் குளோரைடும் சந்திச்சா சில்வர் குளோரைடு, வெள்ளை வீழ்படிவு. பன்னிரண்டாவது சால்ட் அனாலிசிஸில் குளோரைடுக்குப் பண்ற டெஸ்ட்டையே நாங்க தெரியாம பண்ணியிருக்கோம். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் மாத்தினோம்.

இரண்டாவது முயற்சியில் வெயிலில் பதினைந்து நிமிஷத்தில் பழுப்பு. யூவி-விசிபிள் எடுத்தால் 430 பக்கத்தில் ஒரு மேடு. ஈ.கோலை பாக்டீரியா தடவிய அகர் பிளேட்டில் எங்க கரைசலில் நனைத்த டிஸ்க்கை வைத்தோம். அடுத்த நாள் டிஸ்க்கைச் சுற்றி 13 மில்லிமீட்டருக்கு பாக்டீரியா வளராத தெளிவான வட்டம். போட்டோ எடுத்தோம், பிபிடி போட்டோம், சிம்போசியம், இரண்டாம் பரிசு.

திரும்பி வந்து இனிப்பு கொடுக்கும்போது லேப் அண்ணா ஒரு கேள்வி கேட்டார். பல வருஷமா இந்த லேபில் இருக்கிறவர். "இலைச்சாறை மட்டும் தனியா வெச்சுப் பார்த்தீங்களா தம்பி? சில்வர் நைட்ரேட்டை மட்டும்?"

வெக்கலை. ரெஃபரென்ஸ் பேப்பரில் இருந்த போட்டோவில் இரண்டு பாட்டில்தான் இருந்தது, நாங்களும் இரண்டு பாட்டில்தான் வெச்சோம்: முன், பின்.

அடுத்த நாள் மூணு பாட்டில் வெச்சோம். சாறும் தண்ணியும் ஒண்ணு, சில்வர் நைட்ரேட்டும் தண்ணியும் ஒண்ணு, மூணாவது இரண்டும் கலந்தது. சாயங்காலத்துக்குள் சாறு மட்டும் இருந்த பாட்டிலும் ஓரளவு கருத்திருந்தது. யோசிச்சா ஆச்சரியமே இல்லை. வீட்டில் வாழைப்பூ நறுக்கினா கறுத்துடும்னு மோர்த்தண்ணியில் போடுவாங்க. அங்கே பீனால்கள் குவினோனாகி நிறம் மாறுது. ஒரு நொதி அதை வேகப்படுத்துது, மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்குது. கொதித்த இலைச்சாறில் நொதி செத்திருக்கும், ஆனா காற்றுப்பட்டு அதே மாற்றம் மெதுவா நடக்கும். பழுப்பு நிறம் வந்தாலே வெள்ளித் துகள்னு சொல்ல முடியாது என்பதுக்கு இந்த ஒரு பாட்டில் போதும். நல்லவேளையா, சாறு மட்டும் இருந்ததில் 430-ல் மேடு இல்லை. ஊதாப் பக்கத்திலிருந்து சரிந்து வரும் ஒரு சரிவு மட்டும்தான். கலந்த பாட்டிலில் அந்தச் சரிவைக் கழித்த பிறகும் மேடு நின்றது. ஆக, துகள் உண்மை. அந்த ராத்திரி நிம்மதியா தூங்கினோம்.

அடி விழுந்தது பாக்டீரியா பிளேட்டில். நாலு டிஸ்க் வெச்சோம். சாறு மட்டும்: வட்டமே இல்லை. எங்க கலவை: 13. துகளே இல்லாத வெறும் சில்வர் நைட்ரேட், அதே வெள்ளி அளவு: 14. கலவையை சென்ட்ரிஃப்யூஜில் சுத்தி, அடியில் தங்கிய துகளை மூணு தடவை கழுவி, திரும்பக் கலக்கி வெச்சது: 8. டிஸ்க்கே 6 மில்லிமீட்டர் என்பதை மறக்காதீங்க.

இதுக்கு அர்த்தம் என்ன? எங்க கலவையில் எல்லா வெள்ளியும் துகளாகலை. வினை முடியாம மிச்சமிருந்த வெள்ளி அயனிதான் பெரும்பாலான பாக்டீரியாவைக் கொன்றிருக்கு. மேடையில் ஏறி "நானோ துகளின் சிறந்த எதிர்பாக்டீரியத் திறன்"னு நாங்க பேசினது உண்மையில் சில்வர் நைட்ரேட்டைப் பற்றி. வெள்ளி அயனி கிருமியைக் கொல்லும் என்பது 1880-களிலேயே ஜெர்மன் டாக்டர் கிரெடே பச்சைக் குழந்தைகள் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்வையைக் காப்பாற்றின காலத்து விஷயம். புதுசா நாங்க ஒண்ணும் சொல்லிடலை.

இன்னொரு விஷயம், டிஸ்க் முறை துகளுக்கு நியாயமான பரீட்சையும் இல்லை. அகர் ஒரு வலை மாதிரி. குட்டி அயனி அதில் ஓடும், போர்வை போத்தின துகள் நகரவே திணறும். வட்டம் சின்னதா வந்தா துகளுக்குத் திறன் இல்லைன்னும் சொல்லிட முடியாது. ஒழுங்கா பார்க்கணும்னா திரவ ஊடகத்தில் அளவைப் பாதி பாதியாக் குறைத்து, எவ்வளவு குறைந்த அளவில் வளர்ச்சி நிற்குதுன்னு பார்க்கணும். அதை நாங்க கடைசி மாசத்தில்தான் தொடங்கினோம்.

துகள் எப்படிக் கொல்லுது என்பதே ஒரு பெரிய விவாதம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2012-ல் ஒரு அழகான சோதனை பண்ணாங்க. ஆக்சிஜனே இல்லாத இடத்தில் வெள்ளித் துகளையும் ஈ.கோலையையும் சேர்த்து வெச்சாங்க. ஆக்சிஜன் இல்லைன்னா துகள் கரைந்து அயனி விடாது. பாக்டீரியாவுக்கு ஒண்ணும் ஆகலை! அதாவது துகள் ஒரு கிடங்கு. மெதுவா அயனியை அவிழ்த்து விடுது, கொல்வது அந்த அயனி. அயனி போய் புரதங்களில் இருக்கும் கந்தகத்தைப் பிடிச்சுக்கும், நொதி வேலை செய்யாது. இதைப் படிச்ச பிறகுதான் எங்க 13-க்கும் 8-க்கும் நடுவில் இருந்த குழப்பம் தெளிஞ்சது.

எக்ஸ்.ஆர்.டி-யில் ஒரு பொறி

வெள்ளிக்கு எக்ஸ்.ஆர்.டி-யில் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் பீக் வரும்னு எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும். அதோட 27.8, 32.2, 46.2-ல் மூணு பீக் கூடுதலா வரும். பல பேப்பரில் இதை "இலையில் இருந்த கரிமப் பொருள் படிகம்"னு ஒரே வரியில் தாண்டிப் போயிருப்பாங்க. அந்த மூணும் அச்சு அசலா சில்வர் குளோரைடு பீக். டிஸ்டில்டு வாட்டர் எடுத்தாலும் இலைக்குள்ளேயே குளோரைடு இருக்கு, என்ன செய்ய? எங்களுக்கும் வந்தது. அப்படியே பேர் சொல்லி எழுதிட்டோம்.

அளவுக்கு ஷெரர் சமன்பாடு போடுவோம்: 0.9-ஐ எக்ஸ் கதிர் அலைநீளம் 0.154 நானோமீட்டரால் பெருக்கி, பீக்கின் அகலத்தாலும் கோசைன் தீட்டாவாலும் வகுக்கணும். 38.1-ல் அகலம் 0.5 டிகிரின்னா சுமார் 17 நானோமீட்டர் வரும். அகலத்தை ரேடியனுக்கு மாற்ற மறந்தா 0.3 நானோமீட்டர் வரும், அதாவது ஒரே ஒரு அணு அளவு. சிரிக்காதீங்க, எங்க முதல் டிராஃப்ட்டில் அதுதான் இருந்தது. தீட்டாவுக்கு 38.1-ல் பாதியைப் போடணும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். மெஷினே கொஞ்சம் அகலத்தைச் சேர்க்கும், அதைக் கழிக்கலைன்னா அளவு குறைவாக் காட்டும். இதே சாம்பிளுக்கு டி.எல்.எஸ் எடுத்தா பல மடங்கு பெரிசா வரலாம். பயப்படாதீங்க. அது போர்வையோடவும் ஒட்டியிருக்கும் தண்ணியோடவும் அளக்குது. கூடவே ஒரு சில குண்டுத் துகள் இருந்தாலும் மொத்த எண்ணையும் அதுங்க இழுத்துக்கும்.

எங்கே பயன்படுது?

நீங்க ஏற்கெனவே பார்த்திருக்கீங்க. கொரோனா ரேபிட் டெஸ்ட் கிட்டில் வரும் சிவப்புக் கோடு, பிரெக்னன்சி டெஸ்ட்டில் வரும் கோடு, பல கிட்டுகளில் இது தங்க நானோ துகள்தான். ஃபாரடேயின் மாணிக்க நிறம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்குது! ஆன்டிபாடி ஒட்டிய தங்கத் துகள்கள் ஒரு கோட்டில் சிக்கிக் குவியும்போது நிறம் கண்ணுக்குத் தெரியுது. தீக்காயத்துக்கு வெள்ளித் துகள் பூசிய கட்டுத்துணி இருக்கு. 2009-ல் வந்த டாடா ஸ்வச் ஃபில்டரில் நெல் உமிச் சாம்பல்மேல் வெள்ளி நானோ துகளை ஏற்றியிருந்தாங்க, கரண்ட் இல்லாமலே வேலை செய்யும். நம்ம ஐ.ஐ.டி மெட்ராஸில் பேராசிரியர் தலாப்பில் பிரதீப் குழு வெள்ளி, தங்கத் துகள்களால் குடிநீரில் இருக்கும் பூச்சிக்கொல்லியைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்து, அது வீட்டு ஃபில்டர் வரைக்கும் போனது.

ஆனா ஒண்ணு. இப்படிக் கடைக்கு வந்தவற்றில் இலைச்சாறு முறை ரொம்ப அரிது. காரணம், முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த குண்டும் ஒல்லியும். கிட் தயாரிக்கிறவங்களுக்கு ஒவ்வொரு பேட்சும் ஒரே அளவில் வேணும். நம்ம வேப்பிலை சித்திரையில் ஒரு மாதிரி, மழை மாசத்தில் ஒரு மாதிரி. கொழுந்தில் ஒண்ணு, முத்தின இலையில் ஒண்ணு. நாங்க நவம்பரில் பறித்த இலையும் பிப்ரவரியில் பறித்த இலையும், ஒரே மரம்தான், 10 நானோமீட்டருக்கு மேல தள்ளித் தள்ளி மேடு கொடுத்தது.

இது உண்மையிலேயே பச்சையா?

வைவாவில் இந்தக் கேள்வி வரும், தயாரா இருங்க. "கெமிக்கல் முறை நச்சு, எங்க முறை நச்சற்றது"ன்னு முதல் பக்கத்திலேயே எழுதுறோம். ஆனா தங்கத்துக்கு 1951-ல் டர்கெவிச் கொடுத்த முறை வெறும் தண்ணியில் சோடியம் சிட்ரேட் போட்டுக் கொதிக்க வைப்பது. எலுமிச்சம்பழ அமிலத்தின் உப்பு. அதை நச்சுன்னு எப்படிச் சொல்றது? இன்னொரு வேடிக்கை. இலையில் செய்த துகளின் வினையூக்கத் திறனைக் காட்ட, மஞ்சள் நிற நைட்ரோபீனாலை நிறமற்றதாக்கும் டெஸ்ட் நிறையப் பேர் பண்றாங்க. அதுக்குப் போடும் கெமிக்கல் சோடியம் போரோஹைட்ரைடு. முன்னுரையில் திட்டினவரையே நாலாவது அத்தியாயத்தில் வீட்டுக்குக் கூப்பிடுறோம்.

சில்வர் நைட்ரேட்டும் மரத்தில் காய்க்கலை. வெள்ளியைத் தோண்டி எடுத்து நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத்தான் செய்றாங்க. இலை வந்து சேருவது கடைசி ஒரு படியில் மட்டும். அந்தப் படியில் அது நல்ல வேலைதான் பண்ணுது. சாதாரண வெப்பம், தண்ணி, தனியா கேப்பிங் கெமிக்கல் வேண்டாம். அந்த அளவுக்கு மட்டும் "பச்சை"ன்னு சொல்லிக்கலாம்னு என் எண்ணம்.

அப்புறம், வேலை முடிஞ்சதும் அந்தத் துகள் எங்கே போகுது? துர்நாற்றம் வராத "வெள்ளி சாக்ஸ்"களை அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2008-ல் தண்ணியில் அலசிப் பார்த்தாங்க. சில பிராண்டுகள் சில அலசலிலேயே வெள்ளியை விட்டுடுச்சு. அந்தத் தண்ணி சாக்கடைக்குத்தான் போகும். சாக்கடையில் கந்தகத்தோடு சேர்ந்து பெரும்பாலும் சில்வர் சல்ஃபைடாகிடும், அப்போ வீரியம் குறையும். இருந்தாலும் மீனுக்கும் பாசிக்கும் வெள்ளி அயனி கடுமையான விஷம். எங்க லேபில் முதல் இரண்டு மாசம் மிச்சக் கரைசலை சிங்க்கில்தான் ஊற்றினோம். இப்போ ஒரு கேனில் சேர்க்கிறோம். கல் உப்பு போட்டால் கரைந்திருக்கும் அயனி குளோரைடா அடியில் தங்கும், அதோட துகளும் கட்டியாகிப் படியும். வடிகட்டி எடுத்து வைக்கலாம்.

ரிப்போர்ட்டில் நாலு டிஸ்க் இருக்கும் பிளேட் போட்டோவை அப்படியே போட்டிருக்கோம். தலைப்பில் இருந்த "சிறந்த" என்ற வார்த்தையை எடுத்துட்டோம். கைடுகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னப்போ, பிளேட்டை ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்துட்டு, "இதை முதல்லயே பண்ணியிருந்தா சிம்போசியத்தில் இன்னும் நல்ல பேப்பர் கிடைச்சிருக்கும்"னு மட்டும் சொன்னாங்க. வைவாவில் எக்ஸ்டர்னல் என்ன சொல்லப்போறாருன்னு தெரியலை. இந்த இதழ் வந்து பத்து நாளில் தெரிஞ்சுடும்.

அடுத்த வருஷம் யாராவது இதே தலைப்பு எடுக்கிறதா இருந்தா, எங்க சாம்பிள் லேப் ஃப்ரிட்ஜில் இரண்டாவது தட்டில் இருக்கு. அலுமினியம் ஃபாயில் சுத்தின மூணு பாட்டில், மேல தேதி எழுதியிருக்கு. கலவை, கழுவின துகள், சாறு மட்டும். ஆறு மாசம் கழிச்சு யூவி எடுத்து, மேடு நகர்ந்திருக்கா, துகள் கரைஞ்சு அயனி வெளியே வந்திருக்கான்னு பாருங்க. எங்களுக்கு அதுக்கு நேரம் இல்லாம போச்சு. லேப் அண்ணாகிட்ட கேட்டா எடுத்துக் கொடுப்பார்.